திகட்டம

நெளுக்குளம்
11.02.2025

அன்புத் தங்கச்சி ராஜினிக்கு,

அண்ணா எழுதுகிறேன். நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று தெரிந்துகொண்டே கேட்பது நடிப்பு. இங்கே நானும் நலமில்லை.

என் போன் இலக்கத்தை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் அண்ணி இலட்சுமியின் போனில் எடுத்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். ரயில் கோச்சியில் கார்டாக வரும் மரியநாயகம் அண்ணன், நீ கேற் போடும் கடவையைத் தாண்டும்போது வீசிவிடுவதாகச் சொன்னார். காற்றில் பறக்காமல் பைக்குள் ஒரு கல்லும் வைத்திருக்கிறேன். அது உன் தலையில் விழுந்தால் என் குற்றமில்லை.

நடந்ததை ஒருமுறை ஆறுதலாக நினைத்துப் பார். வருடக்கணக்காக ரயில் கடவைகளில் தற்காலிகமாகவே கேற் போட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் எல்லோரும் நிரந்தர நியமனம் கேட்டீர்கள், வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தீர்கள். தை மாதம் வவுனியாவில் பேச்சுவார்த்தை. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த அதிகாரி இன்னொரு நாளைக்கு வைப்போம் என்று எழும்பிவிட்டார். அப்போது, "எங்கட அண்ணா ஸ்டேசன் மாஸ்டர், சிங்களம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, அவர் சொல்லுவார்" என்று கை தூக்கியது யார்?

அறை சின்னது. உங்கள் ஆட்கள் எல்லோரும் விறாந்தையில் நின்றார்கள். அவர் சொன்னதை நான் உன் காதில் சொன்னேன், நீ திரும்பி நின்று, "எங்களை நிரந்தரமாக்கப் போகினமாம்!" என்று கத்தினாய். விறாந்தையில் விசில் பறந்தது. பிறகு எல்லோருக்குமாக நீதான் சிங்களத்தில் எழுதின ஒப்பந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தாய்.

இப்போது கடதாசியில் வேறு மாதிரி இருக்கிறது என்றால், எழுதினவனைக் கேள். வாயால் சொல்வது ஒன்று, எழுதுவது இன்னொன்று என்பது நமக்குப் புதிதா? உங்கள் சங்கத் தலைவர் செல்வராசா ஸ்டேசன் வாசலில் வைத்து, "வித்துப்போட்டியளே மாஸ்டர்" என்று என்னைக் கேட்கிறார். பயணிகள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு இது தேவையா?

பதில் போடு.

அண்ணா,
கதிர்காமநாதன்


மாங்குளம்
17.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல் என் தலையில் விழவில்லை, நாய்க்குப் பக்கத்தில் விழுந்தது. அது இப்போது கோச்சிச் சத்தம் கேட்டாலே கொட்டிலுக்குள் ஒளிக்கிறது.

நான் போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டுமில்லை. செல்வராசா அண்ணையும் மற்றவர்களும் என்னை முறிகண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைக்க வைத்தார்கள். "இனி அண்ணனோட ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்" என்று சத்தியம். எழுத மாட்டேன் என்று சொல்ல வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பிள்ளையாரும் கொம்பை முறித்து எழுதினவர்தானே, கோபிக்க மாட்டார்.

நீங்கள் சொன்ன கடதாசியை மாங்குளத்தில் பேக்கரி வைத்திருக்கும் சிங்கள அக்காவிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தா. ஒரு சொல்லில் நின்றா. "திகட்டம" என்றா. தொடர்ந்து, இப்போது இருக்கிற மாதிரியே, என்று அர்த்தமாம். அப்போ நிரந்தரம் என்பது எங்கே என்று கேட்டேன். "அது ஸ்திர. இதில ஸ்திர இல்லை, நங்கி" என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு பணிஸ் தந்தா. வேண்டாம் என்று சொல்லவும் தெரியாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

தொடர்ந்து தற்காலிகம். இதற்குத்தான் நாங்கள் வெடி கொளுத்தினோம். எங்களுக்கு ஏற்கனவே திகட்டிப் போயிற்று, அண்ணா.

அதே கடதாசியில் வருகிற தை வரை வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. ஆவணியில் எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தர நியமனத்துக்கு வயது கடந்தவள். வாய் திறக்க முடியாத இந்த ஒரு வருடத்துக்குள் என் காலம் போய்விடும். இதற்குக் கையெழுத்து வைத்ததும் என் கைதான்.

நீங்கள் எழுதினதில் ஒரு இடம் எனக்குப் பிடிபடவில்லை. "எழுதினவனைக் கேள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களைத்தான் கேட்கிறேன். அந்த அதிகாரி வாயால் சொன்னது ஸ்திரவா, திகட்டமவா? ஒரே சொல்லில் பதில் எழுதுங்கள்.

தங்கை,
ராஜினி


நெளுக்குளம்
24.02.2025

தங்கச்சி,

திகட்டம.

ஒரே சொல்லில் கேட்டாய், எழுதிவிட்டேன். இனி என் பக்கத்தையும் கேள்.

ஸ்திர என்று அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு சொல்லும் தெரியும், பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவன். அதிகாரி சொல்லி முடிக்கும்போது நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் நான் சந்தையால் வரும்போது பையைப் பார்ப்பாயே, அந்தப் பார்வை. என் வாயில் நிரந்தரம் என்றுதான் வந்தது. நான் சொன்னது அவர் சொன்னதை அல்ல, உனக்கு வாங்கித்தர நினைத்ததை. உடனேயே திருத்த வாயெடுத்தேன். அதற்குள் நீ திரும்பிக் கத்திவிட்டாய், விறாந்தையே ஆடியது. அந்தச் சந்தோசத்துக்கு நடுவில், "பொறுங்கோ, பிழை" என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கடதாசியிலாவது நல்லதாக இருக்கும் என்று நினைத்தேன். அதை வாசித்துப் பார்க்கவும் பயந்தேன். இதுதான் நடந்தது.

இதை நான் வெளியில் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. அனுமதியில்லாமல் மொழிபெயர்த்தேன் என்பது ஒரு குற்றம். சொந்தத் தங்கச்சியின் சங்கத்தோடு சேர்ந்து ரயில் திணைக்களத்தை ஏமாற்றினேன் என்று எழுதினால் இன்னொன்று. என் பதவி உயர்வு சிங்களச் சான்றிதழில்தான் தொங்குகிறது. ஓய்வூதியம் வரைக்கும் இழுப்பார்கள். உன் அண்ணி, "ஊருக்கு உழைச்சது காணும், வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்கிறாள். அவள் சொல்வதிலும் பிழை இல்லை.

வேறு வழி ஒன்று இருக்கிறது. நான் இருக்கும் ஸ்டேசனில் சிற்றூழியர் இடம் ஒன்று காலியாகப் போகிறது. நிரந்தரம். உன் பெயரை மட்டும் கொடுத்தால் ஆவணிக்கு முதல் முடித்துவிடலாம். மற்றவர்களிடம் சொல்லத் தேவையில்லை. அவசரப்படாமல் யோசி.

அண்ணா


மாங்குளம்
03.03.2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை வாசித்து அழுதேன். இரண்டாம் பாதியை வாசித்துக் கிழிக்கப் பார்த்தேன்.

எனக்கு மட்டுமா? அந்தக் கதிரையில் இருந்துகொண்டு நேசமலர் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பேன்? அடுத்த கடவைக்காரி. தன் கேற்றைக் கோச்சி தாண்டியதும் எனக்கு போன் அடிப்பா, அதை வைத்துத்தான் நான் என் கேற்றைப் போடுகிறேன். எங்களுக்கு வேறு மணியும் இல்லை, விளக்கும் இல்லை. முன்பெல்லாம் இன்றைக்கு என்ன கறி என்று கேட்காமல் போனை வைக்க மாட்டா. இப்போது, "வெளிக்கிட்டுது" என்ற ஒரு சொல்லோடு வைத்துவிடுகிறா.

இங்கே அறுவடைக் காலம். நெல் ஏற்றின உழவு இயந்திரங்கள் கேற்றில் வரிசையாக நிற்கின்றன. நேற்று உழவு இயந்திரத்தில் இருந்தபடி சின்னராசா அண்ணை, "என்ன பிள்ளை, கேற்றை நிரந்தரமாப் பூட்டிப்போட்டியோ? நீதானே இப்ப நிரந்தரம்!" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபித்துக்கொண்டு எழும்பிப் போக எனக்கு இடமில்லை. கோச்சிக்கும் கோச்சிக்கும் நடுவில் இந்தத் தகரக் கொட்டிலை விட்டு அசைய முடியாது. மறைவுக்குப் போகவேண்டி வரும் என்று நான் தண்ணீரும் குடிப்பதில்லை.

செல்வராசா அண்ணை ஒப்பந்தத்தை மீறி வேலைநிறுத்தம் செய்வோம் என்கிறார். அதை நான்தான் தொடங்க வேண்டுமாம். "நீ விக்கேல்லை எண்டால் முதல்ல நீ கேற்றை விட்டு இறங்கு" என்கிறார். நான் இறங்கினால், ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பலாம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. காலையில் பள்ளிக்கூட வான் இந்தக் கடவையால்தான் போகிறது. சாரதி தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை, என் கேற்றைத்தான் பார்க்கிறார். கேற் திறந்திருந்தால் எடுத்துவிடுவார். இறங்காவிட்டால் நான் துரோகி. இரண்டு பக்கமும் கேற்றைப் போட்டுவிட்டு நடுவில் நானே நிற்கிறேன்.

இப்போது இருக்கிறது ஒரே வழி. சங்கம் தொழில் அலுவலகத்தில் முறையிட்டிருக்கிறது. இந்த மாதம் பதினெட்டாம் திகதி விசாரணை. நீங்கள் சொன்னது என் காதில் மட்டும் விழுந்தது, கையெழுத்தும் நான்தான் வைத்தேன், அதனால் என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். அண்ணா பிழையாகச் சொன்னார் என்று நான் சொன்னால் ஒப்பந்தம் செல்லாது. பேச்சு புதிதாகத் தொடங்கும், எனக்கும் ஆவணிக்குள் ஒரு வாய்ப்பு இருக்கும். ஆனால் உங்கள் வேலை போய்விடும்.

என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. உங்களை வரச்சொல்லிக் கேட்கவும் மாட்டேன்.

ராஜினி


நெளுக்குளம்
17.03.2025

ராஜினி,

இரண்டு கிழமையாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

நாளைக்கு நான் வருகிறேன். அழைக்காவிட்டாலும் போய், என் வாயாலேயே சொல்லப் போகிறேன். பின்னேரம்தான் லீவு கிடைத்தது. நீ காலையில் போனால் ஒன்றும் சொல்லாதே. "அண்ணா வாறார், அவரைக் கேளுங்கோ" என்று மட்டும் சொல். உன் வாயால் என்னைக் காட்டிக்கொடுத்தாய் என்று இருக்க வேண்டாம்.

இலட்சுமிக்குச் சொல்லவில்லை.

மரியநாயகம் அண்ணன் நாளைக் காலைக் கோச்சியில் வீசுவார். பார்த்து எடு.

அண்ணா


மாங்குளம்
19.03.2025

அண்ணா,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. நேற்று நான் முதல் பஸ்ஸிலேயே வவுனியாவுக்குப் போய்விட்டேன். எனக்குப் பதிலாகக் கேற்றில் நின்றவர் பையை எடுத்து ஆணியில் கொழுவிவிட்டுப் போயிருக்கிறார். இன்று காலையில் வந்து வாசித்தேன்.

நான் சொல்லிவிட்டேன், அண்ணா. ஆனால் நீங்கள் நினைப்பதை அல்ல.

"அண்ணா சரியாத்தான் சொன்னவர். தொடர்ந்து வைச்சிருப்பினம் எண்டுதான் சொன்னவர். நான்தான் நிரந்தரம் எண்டு விளங்கிக்கொண்டு கத்தினனான்." இப்படிச் சொன்னேன். எழுதினார்கள், வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். விசாரித்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இதின்ர பலன் உங்களுக்கு விளங்குதோ?" என்று கேட்டா. "ஓம்" என்றேன்.

பொய் சொல்லப் போகவில்லை. பஸ் ஓமந்தையைத் தாண்டும் வரைக்கும் உண்மையைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கதிரையில் இருந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "மொழிபெயர்த்தவர் உங்களுக்கு என்ன முறை?" என்பது. "அண்ணா" என்று சொன்னேன். சொன்ன பிறகு மற்றது வாயில் வரவில்லை.

நீங்கள் போகவில்லைத்தானே? லீவு கிடைக்கவில்லை, அண்ணி விடவில்லை, ஏதாவது நடந்திருக்கும். போகவில்லை என்று எழுதுங்கள்.

ராஜினி


நெளுக்குளம்
28.03.2025

ராஜினி,

போனேன்.

நீ காலையில் வந்துவிட்டுப் போய்விட்டாய் என்றார்கள். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. கடிதம் கிடைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் எல்லாவற்றையும் சொன்னேன். திகட்டம, ஸ்திர, உன் காதில் நான் சொன்ன சொல், திருத்தப் பயந்தது, எல்லாம். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அந்த அம்மா உன் வாக்குமூலத்தை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தா. "தங்கச்சி காலமை வந்து தன்ர பிழை எண்டு சொல்லீட்டா. நீங்கள் அவவைக் காப்பாத்த வந்திருக்கிறியள். விளங்குது மாஸ்டர். நல்ல அண்ணன்." எனக்கு விசர் பிடித்தது. சத்தியம் பண்ணினேன், மேசையில் அடித்தேன். தண்ணீர் கொண்டுவந்து தந்தார்கள்.

முடிவு நேற்று வந்தது. இரண்டு வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று முரண், பிழையாக மொழிபெயர்த்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஒப்பந்தம் தை வரைக்கும் செல்லும். அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றப் போய் உங்கள் ஆட்கள் எல்லோரையும் பூட்டிவிட்டோம்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட இல்லை. பதவி உயர்வுக்குப் பெயர் வந்திருக்கிறது. உன் அண்ணி சந்தோசத்தில் பொங்கல் பொங்கினாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வீடு முழுக்கப் பொங்கல் வாசம், நான் வீட்டுக்குப் பின்னால் கோடியில் போய் நின்றேன்.

யார் உன்னைக் கேட்டது, ராஜினி? நான் கேட்டேனா?

ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். இனி நான் என்ன சொன்னாலும் தங்கச்சிப் பாசம் என்றுதான் எழுதுவார்கள். நீ சொன்னால்தான் எடுபடும். சொல்லு என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். அந்த ஒரு வரி மட்டும் வருகிறதில்லை. என்னைக் கோபிக்காதே.

அண்ணா


மாங்குளம்
09.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களைக் கோபிக்கவில்லை. அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாததும் ஒரு வகையில் நல்லதுதான். இதை நீங்கள் சொல்லிச் செய்தேன் என்று இருக்காது.

முடிவு வந்த நாளிலிருந்து என்னைத் துரோகி என்றுகூட யாரும் சொல்வதில்லை. என்னுடன் கதையே இல்லை. நானே கத்திக் கெடுத்தேன் என்று நானே கையெழுத்து வைத்திருக்கிறேன், பிறகு என்ன கதை? நேசமலர் அக்காவும் போன் அடிப்பதை விட்டுவிட்டா. நான் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டுக் கேற் போட்டேன். நேரத்துக்கு முன்பே போட்டால் மல்லாவிப் பக்கம் போகிறவர்கள் ஹோர்ன் அடித்து ஏசுவார்கள். ஏசட்டும் என்று போட்டேன்.

திங்கட்கிழமை காலையில் காற்று மற்றப் பக்கம். ஒரு சத்தமும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வான் கடவையில் ஏறுகிறது, நான் திரும்பிப் பார்க்கிறேன், கோச்சி வளைவுக்கு வந்துவிட்டது. கத்தினேன். இந்த முறை என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. சாரதி பயந்து எக்சிலேட்டரை அமத்தினார். வான் தாண்டிவிட்டது. கடைசி ஆசனத்தில் இருந்த பிள்ளைகள் எனக்குக் கை காட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு விளையாட்டு.

நான் கேற் மரத்தைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் நேசமலர் அக்கா சைக்கிளில் வந்தா. வான் சாரதி அவவின் கேற்றில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். வந்தவ சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, "எனக்கு உன்னிலதான் கோவம், அந்தப் பிள்ளையளில என்ன கோவம், ஐயோ நான் என்ன செய்தனான்" என்று தலையில் அடித்தா. கையைப் பிடித்தேன். அவவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். திகட்டமவிலிருந்து தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவ விழுந்து கிடந்த சைக்கிளை நிமிர்த்தினா. பிறகு, "உன்ர அண்ணன் பாவம்தான். எங்களை யார் பாவம் எண்டு சொல்லுறது?" என்று கேட்டா.

அந்தக் கேள்வியை உங்களுக்கும் எழுதுகிறேன், அண்ணா.

மேன்முறையீட்டை நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணையில் நான் சொன்னது பொய், அண்ணா சொன்னதுதான் உண்மை, அவர் நிரந்தரம் என்றுதான் என் காதில் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் முழுப் பெயரையும் பதவியையும் கேட்டார்கள். அதையும் எழுதினேன். ஸ்டேசன் மாஸ்டர் என்பதை வெட்டி இரண்டு தரம் எழுத வேண்டியிருந்தது. பொய் வாக்குமூலம் கொடுத்தவள் என்று எனக்கு இனி நிரந்தரம் கிடைக்காமலே போகலாம். ஆவணியும் வந்துவிடும். மற்றவர்களுக்காவது பேச்சு மறுபடி தொடங்கும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் எனக்கு வாங்கித்தர நினைத்ததை நான் வேண்டாம் என்று எறியவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

அண்ணிக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். வருசப்பிறப்பன்று சொல்லி அவவின் நாளைக் கெடுக்காமல், முதல்நாள் ஞாயிற்றுக்கிழமையே நெளுக்குளத்துக்கு வந்து நானே சொல்கிறேன். கேட்ட பிறகு அவ எனக்குச் சோறு போடுவாவோ தெரியாது. எதற்கும் சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.

தங்கை,
ராஜினி